டொக்டராகாமல் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குள் போக முடியுமா?

தம்பி, பிற்பாடு வாசிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டே தொடங்குகிறேன். நீங்கள் உவர்மலையில் இருக்கிறீர்கள். தங்கச்சிக்கு உயர்தர உயிரியலில் நல்ல பெறுபேறு, ஆனால் இசட் ஸ்கோர் (கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) மருத்துவபீடத்துக்குக் கொஞ்சம் எட்டவில்லை. மூலக்கலம் (மற்றக் கலங்களை உண்டாக்குகிற கலம், அதுதான் எல்லோரும் ஸ்டெம் செல் என்கிறார்களே), இரத்தப் புற்றுநோய், இந்த இரண்டிலும் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று நிற்கிறாள். டொக்டராகாமல் அதற்குள் போக முடியுமா, எத்தனை வருடம் பிடிக்கும், கடைசியில் வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "இன்னொருதரம் சோதனை எழுதச் சொல்லட்டா என்று அம்மா கேட்கிறா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. மருத்துவம் கிடைக்காதவர்களுக்கு வைக்கிற இரண்டாம் பந்தியா இது என்று கேட்கிறீர்கள்.

நானும் திருகோணமலைதான். பேராதனையில் விஞ்ஞானபீடத்தில் படித்தேன், ரொறன்ரோவில் கலாநிதிப் பட்டம் முடித்தேன். பட்டத்துக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டால் 19 வருடமாக அங்கே இரத்த மூலக்கல ஆய்வுகூடங்களில்தான் இருக்கிறேன். சொந்தமாக ஆய்வுக்குழு நடத்துகிற பேராசிரியர் இல்லை. இன்னொருவரின் குழுவில் நிரந்தர விஞ்ஞானி. மருத்துவரும் இல்லை. ஆகவே ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டை அனுப்பி என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். தொழிலைப் பற்றிக் கேட்டால் பட்டதைச் சொல்லலாம்.

இரண்டாம் பந்தி என்ற பயம் எனக்கும் இருந்தது. அது எப்படிப் போனது என்பதற்கு ஒரு கதை. 1996இல் என் பெரியம்மாவின் மகனுக்கு எட்டு வயது. விட்டுவிட்டுக் காய்ச்சல், காலில் நோ, தோலில் குண்டூசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நேரே மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். லிம்போபிளாஸ்டிக் லியூக்கேமியா, பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற இரத்தப் புற்றுநோய். வழி நெடுகச் சோதனைச் சாவடி இருந்த காலம். பெரியம்மாவுக்குத் துணையாக இரண்டு தரம் நானும் போயிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகும் வைத்தியம் முடியவில்லை, மாத்திரை இரண்டு வருடத்துக்கு மேல் போனது. பெரியம்மா கொப்பித் தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தா. தினமும் ஒரு மாத்திரை, அதற்கு நீலப் புள்ளடி. கிழமைக்கு ஒருதரம் மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள், அதற்குச் சிவப்புப் புள்ளடி. கிழமை மாத்திரையைத் தவறித் தினமும் கொடுத்துவிட்டால் ஆளையே கொன்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், ஒவ்வொரு சிவப்புப் புள்ளடிக்கும் இரண்டு பேர் சாட்சி. அவன் தப்பிவிட்டான். இப்போது இரண்டு பிள்ளைகள், நிலாவெளியில் அறைகள் வாடகைக்கு விடுகிறான்.

அந்த இரண்டு மாத்திரையையும் யார் செய்தார்கள் என்பதைக் கம்பஸில் இரண்டாம் வருடத்தில்தான் படித்தேன். மஞ்சள் மாத்திரை மெதோட்ரெக்சேட். அது எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய குழுவின் வேலையிலிருந்து வந்தது. பீமவரத்தில் பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ்.தான் கொடுத்தார்கள் என்பார்கள். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் உயிரிரசாயனம் செய்தார். அங்கே நிரந்தரப் பதவி கிடைக்காமல் லெடர்லி என்ற மருந்துக் கம்பனிக்குப் போனார். அவருடைய குழு செய்த அமினோப்டெரினைத்தான் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் லியூக்கேமியாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் வந்த அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதே வருடம் சுப்பாராவ் இறந்துபோனார். மெதோட்ரெக்சேட் அமினோப்டெரினின் தம்பி மருந்து.

தினசரி மாத்திரை 6-மெர்கப்டோபியூரின். அதைச் செய்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன். நியூயோர்க்கில் இரசாயனம் படித்தவர். பெண் என்பதால் ஆய்வுகூடத்தில் வேலை கொடுக்க மறுத்தார்கள், கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். முதுமாணிப் பட்டத்தோடு நின்றவர். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வந்தால்தான் கலாநிதிப் படிப்பு என்று பல்கலைக்கழகம் சொல்ல, படிப்பை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டார். 1988இல் நோபல் பரிசு. ஆக, பெரியம்மாவின் சுவரில் இருந்த நீலப் புள்ளடியும் சிவப்புப் புள்ளடியும் நோயாளிக் கட்டிலருகே நின்று வைத்தியம் பார்க்காத இரண்டு பேருடைய வேலை. டொக்டர்மாரின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை, ஃபார்பர் இல்லாவிட்டால் அந்த மருந்து ஒரு பிள்ளையின் உடம்புக்குள்ளும் போயிருக்காது. பந்தி ஒன்றுதான், இலைகள் வேறு வேறு.

மூலக்கலத்தின் கதையும் இப்படித்தான். 1961இல் ரொறன்ரோவில் ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் என்று இரண்டு பேர். டில் பௌதிகம் படித்து உயிர்ப்பௌதிகத்துக்கு வந்தவர், மக்கலக் டொக்டர். கதிர்வீச்சுக் கொடுத்த எலியைக் காப்பாற்ற எத்தனை எலும்பு மச்சைக் கலங்கள் (எலும்புக்குள் இரத்தம் உண்டாகிற பகுதியின் கலங்கள்) வேண்டும் என்பதுதான் அவர்கள் பார்த்த விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கலக் தனியே வந்து, மச்சை ஏற்றிப் பத்து நாளான எலிகளைத் திறந்து பார்த்தார். மண்ணீரலில் சின்னச் சின்னக் கட்டிகள். வேறு யாராவது என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் எண்ணினார், எண்ணியதை வரைபடத்தில் போட்டார். எத்தனை கலம் ஏற்றினார்களோ அதற்கு நேர்விகிதத்தில் கட்டிகள் இருந்தன, ஏறத்தாழ 10,000 கலத்துக்கு ஒரு கட்டி. அப்படியானால் ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு கலத்திலிருந்து வந்திருக்கலாம். 1963இல் அன்ட்ரூ பெக்கர் என்ற மாணவரோடு சேர்ந்து அதை நிறமூர்த்த (குரோமோசோம்) அடையாளம் வைத்து நிரூபித்தார்கள். நம்மூர்க் கன்னியாவில் ஏழு கிணறு, ஏழும் ஏழு சூடு, அடியில் ஓடுகிற நீர் ஒன்றுதான் என்பார்களே, அந்த மாதிரி. செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு எல்லாம் ஒரு மூலத்திலிருந்து வருகின்றன என்பதை எண்ணிக் காட்டிய வேலை அது.

எண்ணி என்ற சொல்லைத் தங்கச்சிக்கு அடிக்கோடு போட்டுக் காட்டுங்கள். இந்தத் தொழில் எப்படி இருக்கும் என்று கேட்டால், படத்தில் வருகிற நீல வெளிச்சம், கண்ணாடிக் குழாய் எல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைச் சொல்கிறேன். நோயாளி சம்மதித்துத் தந்த எலும்பு மச்சை காலையில் வருகிறது, இரண்டு தேக்கரண்டி இருக்கும், கட்டியான கடும் சிவப்பு. அதை அடர்த்தி கூடிய ஒரு திரவத்தின் மேல், இரண்டும் கலக்காதபடி குழாயின் ஓரமாக மெல்ல விடவேண்டும். சுழற்றி எடுத்தால் செங்குழியம் அடியில் போய்விடும், நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஆடை நிற்கும், பால் காய்ச்சினால் மேலே படியுமே அப்படி. அந்த ஆடைக்குள்தான் நமக்கு வேண்டிய ஆட்கள். அவர்களை எடுத்து மீதைல்செல்லுலோஸ் என்ற பாகில் கலக்க வேண்டும். ஆறிய சவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கும், சாதாரணக் குழாயில் இழுபடாது, மொட்டை ஊசி போட்ட சிரிஞ்சால் இழுத்துச் சின்னத் தட்டுகளில் விடவேண்டும். ஒரு குமிழி வந்தாலும் எண்ணும்போது கண்ணை ஏமாற்றும். பக்கத்தில் ஒரு தட்டில் வெறும் தண்ணீர் வைக்க மறந்தால் பாகு காய்ந்துவிடும். பிறகு 37 பாகை வெப்பம், 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, 14 நாள். அந்தப் பதினாலு நாளும் கதவைத் திறந்து திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும், திறக்கக் கூடாது.

பதினைந்தாம் நாள் நுணுக்குக்காட்டியில் வைத்தால், செங்குழியம் உண்டாக்குகிறவை மிளகாய்த்தூள் சிதறியதுபோல் கொத்துக் கொத்தாகத் தெரியும். வெண்குழியக் கூட்டம் அரிசிமா தூவியது போல் பரந்திருக்கும். அபூர்வமாக இரண்டும் கலந்த ஒரு பெரிய கூட்டம் வரும், அதைக் கண்டால் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். எண்ண வேண்டும். ஒரு தட்டில் எழுபது இருக்கலாம், இருபத்திநாலு தட்டு இருக்கலாம். எந்தத் தட்டு எந்த மருந்து என்று தெரியாதபடி இன்னொருவர் மூடியில் இலக்கம் மட்டும் எழுதித் தருவார், நம் ஆசை எண்ணிக்கைக்குள் புகுந்துவிடாமல் இருக்க. நான் இரண்டாம் வருடத்தில் இரண்டு தட்டு வரிசைகளின் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். முடிவு மிக அழகாக வந்தது, மூன்று மாதம் அதன் பின்னால் அலைந்தேன். பிறகுதான் பிழை தெரிந்தது. அந்த நோயாளியின் மச்சை தீர்ந்துவிட்டது, அவரும் இல்லை. திரும்பக் கேட்க ஆளில்லை. இன்றும் மூடியிலும் எழுதுவேன், தட்டின் பக்கத்திலும் எழுதுவேன்.

எலி வேலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனித மூலக்கலம் உண்மையானதா என்று பார்க்க, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் அதை ஏற்றி மூன்று, நான்கு மாதம் காத்திருந்து, அந்த எலியைக் கொன்று மச்சையைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து எடுத்து இரண்டாவது எலிக்குள் ஏற்றினால் இன்னும் மூன்று, நான்கு மாதம். ஒரு கேள்விக்கு ஒரு வருடம். முதல் எலியைக் கொன்ற இரவு நான் சாப்பிடவில்லை. சிலருக்கு இது கடைசிவரை பழகாது. அவர்கள் கணினிப் பக்கம் போய்விடுகிறார்கள், அதுவும் நல்ல வழிதான், கீழே சொல்கிறேன்.

இந்தத் துறையில் எது உறுதி, எது ஆட்டம் காண்கிறது என்பதையும் தங்கச்சி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரே குரலில் எழுதும். எலும்பு மச்சை மாற்றம் வேலை செய்கிறது என்பது உறுதி. டொனல் தோமஸ் 1957இல் மனிதரில் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது அநேகமாக எல்லாமே தோல்வி, 1990இல் அதே வேலைக்கு நோபல். ஒரேயொரு நிறமூர்த்தப் பிழை ஒரு புற்றுநோயை உண்டாக்கலாம் என்பதும் உறுதி. நாட்பட்ட மைலோயிட் லியூக்கேமியாவில் சின்னதாகிப்போன ஒரு நிறமூர்த்தத்தை 1960இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டார்கள். 1973இல் ஜனெட் ரௌலி அது 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று கண்டுபிடித்தார். நாலு பிள்ளைகளின் தாய், வருடக்கணக்காகக் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் போனவர். நிறமூர்த்தப் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்து அடுக்குவார், அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறா என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்தத் துண்டு மாற்றத்தால் உண்டாகும் புரதத்தை அடைக்கிற இமாடினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் பார்வைக்கும் மாத்திரைக்கும் இடையில் 41 வருடம். அதைப் பார்க்க நோவல் உயிரோடு இருந்தார், ஹங்கர்ஃபோர்ட் இல்லை.

ஆட்டம் காண்பது எதுவென்றால், லியூக்கேமியாவுக்கென்று தனி மூலக்கலம் உண்டு, அதைக் கொன்றால் நோய் போய்விடும் என்ற எண்ணம். ரொறன்ரோவில் ஜோன் டிக்கின் குழு 1994இலும் 1997இலும் அப்படியான கலங்களை எலியில் காட்டியது. இவரும் மருத்துவர் அல்ல, கலாநிதிப் பட்டக்காரர். அடிப்படை எண்ணம் நிற்கிறது. ஆனால் அந்தக் கலங்கள் ஒரே முகத்தோடுதான் இருக்கும் என்று முதலில் நினைத்தது நிற்கவில்லை. நோயாளிக்கு நோயாளி வேறுபடுகிறது, பயன்படுத்துகிற எலிக்கு எலிகூட வேறுபடுகிறது. டில், மக்கலக் எண்ணிய மண்ணீரல் கட்டிகளுக்கும் இதுதான் நடந்தது. அவற்றில் பெரும்பாலானவை உண்மையான மூலக்கலத்திலிருந்து வந்தவை இல்லை, ஒரு படி கீழே உள்ள கலத்திலிருந்து வந்தவை என்று பிற்பாடு தெரிந்தது. கணக்கு சரியாக இருந்தது, பெயர்தான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இமாடினிப் எடுத்து நீண்டகாலம் நன்றாக இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அதை நிறுத்திய பிறகும் நோய் திரும்பாமல் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் திரும்புகிறது. ஏன் என்பது இன்னும் தீராத கேள்வி. தங்கச்சி வருகிற நேரத்துக்கு மிச்சம் இருக்குமா என்று கேட்டால், தாராளமாக இருக்கும்.

சரி, வருடக் கணக்கு. நம் நாட்டில் பெறுபேறு வந்து கம்பஸ் கதவு திறக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும், ஆக உள்ளே போகும்போது 21. நாலு வருடச் சிறப்புப் பட்டம் முடியும்போது 25, 26. கலாநிதிப் பட்டம் ஐந்து, ஆறு வருடம். அதற்கு மேல் போஸ்ட்டொக் என்கிற இடைநிலைக் காலம் மூன்றிலிருந்து ஆறு வருடம். நிரந்தரமான கதிரை ஒன்றில் உட்காரும்போது பெரும்பாலும் 35 தாண்டியிருக்கும். இதை அம்மாவுக்கு இனிப்புத் தடவாமல் சொல்லுங்கள். அந்தக் காலம் முழுவதும் சம்பளமில்லாமல் இல்லை. வெளிநாட்டில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்கு நாம் காசு கட்டுவது வழக்கமில்லை, அவர்கள்தான் உதவித்தொகை தருவார்கள். ஒரு ஆள் சிக்கனமாக வாழக் காணும். வீட்டுக்கு மாதாமாதம் பெரிதாக அனுப்பலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். காசு கட்டினால் உடனே கலாநிதிப் பட்டம் என்று யாராவது ஏஜென்சிக்காரர் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, எந்தப் பட்டம். இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று விஞ்ஞானபீடம்: கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், பக்கத்தில் வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்). மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குள் போகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைசி வருட ஆய்வுத் திட்டம்தான் வெளிநாட்டில் கதவைத் திறக்கும். மூலக்கூற்று உயிரியலோ உயிரிரசாயனமோ இருந்தால் நல்லது, தாவரவியல் சிறப்பு என்றாலும் பயப்பட வேண்டாம். என்னோடு வேலை செய்கிற ஒருவர் நெல்லின் பரம்பரையலகில் (ஜீன்) தொடங்கியவர். மற்றது மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் உண்டு. இதை நம்மவர்கள் குறைவாக மதிக்கிறார்கள், எனக்கு அதில் கோபம். லியூக்கேமியாக் கலத்தை ஆஸ்பத்திரியில் முதன்முதல் காண்பது பெரும்பாலும் டொக்டர் இல்லை, குருதிப் பூச்சைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைக்கிற எம்.எல்.டி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்)தான். இந்தப் பட்டத்துக்கு உள்ளூரிலேயே வேலை இருக்கிறது. ஆராய்ச்சி சரிவராவிட்டால் விழுவதற்கு ஒரு பாய் உண்டு. கோணேசபுரியில் நம்ம திருகோணமலை வளாகம் கிட்டத்தில் இருக்கிறது, அங்கே சித்த மருத்துவமும் உண்டு, அம்மாவுக்கு அந்த யோசனை வரலாம். நல்ல படிப்புத்தான், ஆனால் தங்கச்சி கேட்கிற ஊருக்குப் போகிற பஸ் அது இல்லை.

இன்னொருதரம் சோதனை எழுதுவதா? நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும், வைத்தியம் செய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் இருந்தால் எழுதட்டும், மூன்று தரம் எழுத இடமிருக்கிறது, திருகோணமலை மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளியும் வேறு. மருத்துவராக இருந்து ஆராய்ச்சி செய்கிறவருக்குச் சம்பளமும் கூட, நோயாளியின் மாதிரிக்கும் அவர்தான் கிட்ட நிற்கிறார், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அவளுக்கு ஆசை "ஏன் இந்தக் கலம் இப்படிப் போகிறது" என்பதில் என்றால், அதற்காக ஒரு வருடத்தை ரியூஷன் கொட்டிலில் கழிப்பது வீண். அவளிடமே கேளுங்கள், அம்மா இல்லாத நேரம் பார்த்து.

ஆங்கிலம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அழுத ஒரே இடம் அதுதான். நிறமூர்த்தம், பிறபொருளெதிரி, விகாரம், என்பு மச்சை என்று தமிழில் துல்லியமாகத் தெரிந்த எல்லாமே முதலாம் வருட விரிவுரையில் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுதி வைத்தேன். ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. கம்பஸ் தொடங்கும்வரை கையில் ஒரு வருடம் இருக்கிறது, அதை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அதே வருடத்தில் இன்னொன்றும் செய்யலாம், மடிகணினி ஒன்று இருந்தால் போதும். இப்போது இந்தத் துறையில் பாதி வேலை கணக்கு. அமெரிக்காவில் 200 பெரியவர்களின் கடுமையான மைலோயிட் லியூக்கேமியாவை முழுதாக அலசி 2013இல் வெளியிட்டார்கள், அந்தத் தரவின் பெரும்பகுதி யாரும் இறக்கிப் பார்க்கக் கூடியபடி இணையத்தில் கிடக்கிறது. ஆர், பைதன் என்ற இரண்டு கணினி மொழிகளில் ஒன்றைப் படித்துக்கொண்டு அதில் கை வைத்துப் பார்த்த பிள்ளை, விண்ணப்பத்தில் வெறும் ஆர்வம் என்று எழுதுகிற பிள்ளையைவிடப் பல படி முன்னால் நிற்கும்.

வெளிநாடு என்றால் கனடா, அவுஸ்திரேலியா என்றுதான் நம் கண் ஓடும். வேலூரையும் பாருங்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலேயே எலும்பு மச்சை மாற்றம் தொடங்கிவிட்டார்கள், மூலக்கல ஆராய்ச்சிக்கென்று தனி நிலையமும் அங்கே உண்டு. கடுமையான ஹீமோபீலியா (இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய சொந்த இரத்த மூலக்கலத்துக்குள்ளேயே குறைந்திருந்த பரம்பரையலகை வைத்துத் திருப்பி ஏற்றிய வேலை அங்கேதான் நடந்தது, 2024 டிசம்பரில் வெளிவந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆய்வுகூட மேசையும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடம் கிடைப்பது அரிது. தமிழில் பேசிக்கொண்டே போய்வரலாம் என்பது கூடுதல் வசதி. இந்திய அரசின் புலமைப்பரிசில் இலங்கை மாணவருக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது, விதிகள் மாறும், அந்தந்த வருட அறிவித்தலைப் பார்க்க வேண்டும்.

எந்த நாடானாலும் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட யாருடைய ஆய்வுகூடம் என்பதுதான் பெரிது. சேருவதற்கு முன் அந்தப் பேராசிரியரிடம் படித்து முடித்த இரண்டு பேரோடு பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், பிழை நடந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்ற மூன்று கேள்வி போதும். நான் இலக்கம் மாற்றிய கதையைச் சொன்னேனே, அன்று என் பேராசிரியர் கத்தியிருந்தால் அடுத்த பிழையை நான் மறைத்திருப்பேன். அவர் ஒரு பெட்டி நிறம் நிறமான பேனாக்களை வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வேலை கிடைக்குமா என்றால், பேராசிரியர் கதிரை எல்லோருக்கும் கிடையாது, கலாநிதிப் பட்டம் முடிப்பவர்களில் சிறு பகுதிக்குத்தான். மற்றவர்கள் வீதியில் நிற்பதில்லை. மருந்துக் கம்பனி, ஆஸ்பத்திரி மரபணு ஆய்வுகூடம், மருந்துப் பரிசோதனை நடத்துகிற நிறுவனங்கள், என் மாதிரி நிரந்தர விஞ்ஞானி, இப்படிப் பரந்துவிடுகிறார்கள். திரும்பி வருகிறவர்களும் உண்டு. கொழும்பில் என் வகுப்பு நண்பி ஒருத்தி நல்ல வேலை செய்கிறாள். ரொறன்ரோவில் எனக்கு இரண்டு நாளில் வருகிற பிறபொருளெதிரி (அன்டிபொடி) அவளுக்கு வர மாதக்கணக்காகும், ஒருதரம் பனிக்கட்டி உருகி, வந்த பொருள் எல்லாம் பாழ். அதனால் குறைந்த பொருளில் தீர்க்கக்கூடிய கேள்வியைத் தேடி எடுக்க அவள் பழகிவிட்டாள். என்னால் முடியாத காரியம் அது.

கடைசியாக, மூலக்கலம் என்று தங்கச்சி சொன்ன நாளிலிருந்து சொந்தக்காரர் எல்லோரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: பிள்ளை பிறக்கும்போது தொப்புள்கொடி இரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வைக்கலாமா, நாளைக்குப் புற்றுநோய் வந்தால் உதவுமே? பிள்ளைப்பருவ லியூக்கேமியாவுக்குப் பிள்ளையின் சொந்தக் கொடி இரத்தம் பெரும்பாலும் உதவாது. அந்த நோயின் முதல் விகாரம் (பரம்பரையலகில் விழுகிற பிழை) பிறக்கும்போதே இரத்தத்தில் இருக்கலாம் என்பது, பிறந்தவுடன் குதியில் குத்தி எடுத்து வைத்த இரத்தப் பொட்டுகளில் 1990களின் கடைசியில் காட்டப்பட்டுவிட்டது. சேமித்து வைப்பது அதே விதையையாக இருக்கலாம். இன்னொருவருக்குத் தானமாகக் கொடுக்கிற பொது வங்கி வேறு விஷயம், அது பயனுள்ளது. முழங்கால், நீரிழிவு, ஓட்டிசம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்கிறவர்கள் இன்னும் வேறு விஷயம், அவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

தங்கச்சிக்கு இப்போதே ஏதாவது கொடுக்க விரும்பினால், மியூனிக் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் எடுத்த 18,000க்கும் மேற்பட்ட தனித்தனி வெண்குழியப் படங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, பாதிப் பேர் லியூக்கேமியா நோயாளிகள், பாதிப் பேர் இல்லாதவர்கள். ஒவ்வொன்றையும் நிபுணர் பார்த்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள். பெயரை மறைத்து இருநூறு படத்தைத் தானே பிரித்து எண்ணச் சொல்லுங்கள். அடுத்த நாள் அதே இருநூறை, முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல் திரும்பவும். இரண்டு நாள் எண்ணிக்கையும் ஒத்துவராது, எனக்கும் வரவில்லை. ஓகஸ்ட்டில் நான் ஊருக்கு வருவேன், பின்னேரம் டச்சுக்குடாவில்தான் இருப்பேன், மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டு. அந்த இரண்டு தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.